நெடியில்லாத மிளகாய்

செவ்வாய்க்கிழமையானால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வரும் பஸ்ஸெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டுதான் வரும். மிளகாய்ச் சித்தர் குறி சொல்லும் நாள். யூடியூபில் அவருக்கு நாலு லட்சம் பக்தர்கள். காசைக் கையால் தொடமாட்டார், அப்படியொரு துறவு. அதற்குத்தான் வாசலில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. காணிக்கையாக அவர் கேட்பது காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம், மல்லி. ரசம் வைக்கத் தெரிந்த தெய்வம் போலிருக்கிறது.

முறையும் புதிதல்ல, எல்லா வீட்டிலும் செய்வதுதான். மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடியேறி இருமினால் கண்திருஷ்டி இல்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது. சித்தரின் நெருப்பில் இதுவரை ஒருவருக்கும் நெடி வந்ததில்லை. மாவட்டமே வேலைவெட்டி இல்லாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டா இருக்கிறது என்று யாரும் கேட்கவுமில்லை.

வரிசையில் பாஞ்சாலி நின்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் ஆறு வருஷமாகச் சமைக்கிறவள். கூட வந்திருந்தது மெஸ்ஸின் சொந்தக்காரி அமுதவல்லி. மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வருவதில்லை.

"எதுத்தாப்புல பிரியாணிக் கட தொறந்துட்டாங்கக்கா. அதான் காரணம். திருஷ்டியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் பாஞ்சாலி.

"நீ சும்மா இரு. சாமி சொல்லட்டும்."

பாஞ்சாலிக்குச் சும்மா இருக்க வராது. மெஸ்ஸுக்கு வாங்கிய ஒரு கிலோ மிளகாயை முந்தானையில் ஏந்தி, வரிசையில் நின்றபடியே காம்பு கிள்ளி முடித்துவிட்டாள். அதில் கால் கிலோவைத்தான் அமுதவல்லி காணிக்கைக்கு எடுத்துக்கொண்டாள். மிச்சம் பாஞ்சாலியின் பையில் இருந்தது.

சித்தர் பொட்டலத்தை வாங்கித் திரைக்குப் பின்னால் அம்மன் பாதத்தில் வைத்துவிட்டு, ஏழு மிளகாயோடு வெளியே வந்தார். அமுதவல்லியின் தலையை மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டார். புகை வந்தது. ஒரு தும்மல்கூட இல்லை.

"அடுப்புக்குப் பக்கத்துல நிக்குது அந்தக் கண்ணு" என்றார் சித்தர். "அத வெளிய அனுப்பு. நம்ம மந்திரிச்ச மசாலாவ வாங்கிப் போட்டு சமை. கூட்டம் தானா வரும்."

அமுதவல்லி மெதுவாகத் திரும்பிப் பாஞ்சாலியைப் பார்த்தாள். மெஸ்ஸில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது ஒரே ஒருத்திதான்.

"நாளையிலேருந்து நீ வரவேணாம், பாஞ்சாலி."

ஆறு வருஷம் அந்த அனலில் வெந்தவளுக்கு இதுதான் மரியாதை. அவளுக்கு அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது. நெருப்பில் கருகிக் கிடந்த மிளகாயைக் குனிந்து பார்த்தாள்.

"சாமி, நாங்க குடுத்தது காம்பு கிள்ளுன மொளகா. இதுல காம்பு இருக்குதுங்களே?"

சித்தர் அசரவில்லை. "அம்மன் பாதத்துல வெச்சா காம்பு முளைக்கும். அதான் சக்தி."

கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப முளைக்காததையும் ஒருவாட்டி போட்டுப் பாப்பமுங்க" என்று பாஞ்சாலி தன் பையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். அமுதவல்லியின் தலையை அதே மூன்று சுற்று சுற்றி, நெருப்பில் போட்டாள்.

அமுதவல்லி முதலில் இருமினாள். பிறகு முன்வரிசை, பிறகு வாசல், பிறகு தெருவில் நின்ற ஆட்டோக்காரர். சித்தரின் கண்ணில் பக்திப் பரவசம் போல் தண்ணீர் கொட்டியது. மூச்சு முட்டித் திரையைப் பிடித்தார், திரை கையோடு வந்துவிட்டது.

பின்னால் அம்மன் இல்லை. பெரிய அண்டாவில், வயிற்றைக் கீறி விதையெடுத்த மிளகாய்த் தோல் காம்போடு வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது, விதையெல்லாம் தனியே. ஏற்கெனவே ஊறிய தோல் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் நெடி எங்கிருந்து வரும்? ஓரமாக ஊர்க்காரர்கள் கொடுத்த நல்ல மிளகாயும் மல்லியும் மூட்டையாக. பக்கத்தில் மசாலா அரைக்கும் மெஷின், பாக்கெட் ஒட்டும் மெஷின். அவரவர் வீட்டுச் சாமானை அரைத்து அவரவருக்கே விற்றிருக்கிறார் மகான். புகை அடங்குவதற்குள் பின்வாசல் வழியாக அவர் போய்விட்டிருந்தார்.

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தப்புதான் பாஞ்சாலி. காலையில வந்துடு."

"வரேங்க்கா. ஆனா எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, எங்கண்ணுல ஒண்ணுமில்லைன்னு."

அமுதவல்லி சொன்னாள், இருமலுக்கு நடுவே, உரக்க.

அதற்குள் பின்னால் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அரூர் பக்கம் ஒருத்தரு சீரகத்த வெச்சுப் பாக்கறாராமே, நல்லாச் சொல்றாரா?"

பாஞ்சாலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, சந்தையில கால் கிலோ மொளகா வாங்கக்கூட ஒண்ண ஒடச்சு மோந்து பாத்துதான வாங்கறீங்க? சாமியார வாங்கறப்ப மட்டும் எதுக்குங்க மூக்கப் பொத்திக்கிறீங்க?"