துடைக்காமல் எண்ணெய் விடுகிறவர்

உலகத்தில் எது முரண்டு பிடித்தாலும் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஒரு வர்க்கம் இருக்கிறது, ஐயா. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய். பூட்டு திறக்காவிட்டால் எண்ணெய். தையல் மிஷின் நூலை அறுத்தால் எண்ணெய். கடிகாரம் நின்றால், பாவம், அதற்கும் எண்ணெய். எண்ணெய் விடுவதில் தப்பில்லை, நானும் விடுகிறவன்தான். ஆனால் இந்த வர்க்கத்தார் அதற்கு முன்னால் ஒரு கந்தல் துணியை எடுத்து, அங்கே படிந்திருக்கிற அழுக்கைத் துடைப்பார்களா? மாட்டார்கள். துடைக்கிறவனை யார் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்? எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவனைத்தானே நாலு பேர் பார்க்கிறார்கள்!

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் எதையாவது திறக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருக்கும்போது தெருவோடு போகிறவர், கூப்பிடாமலே உள்ளே வருவார். "நகருங்க" என்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரு கை வெச்சது?" என்று கேட்பார். நீங்கள்தான் கை வைத்தீர்கள், அது உங்கள் பூட்டு, ஆனாலும் உங்களுக்கு ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி கூச்சமாகிவிடும். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இது ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பிப்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓடிவிட வேண்டும். யார் ஓடுகிறார்கள்?

வேலூர் லாங் பஜாரிலும் இவர்கள் உண்டு, குடியாத்தத்துத் தறிக் கொட்டகைகளிலும் உண்டு. ஆனால் நன்றாக விளைந்த சரக்கு வேண்டுமானால் ஆம்பூருக்குத்தான் வரவேண்டும். காரணம் இருக்கிறது. தோல் பதனிடும் இடத்தில், காய்ந்து பலகை மாதிரி விறைத்துக் கிடக்கிற தோலுக்கு எண்ணெய் காட்டினால் அது துணி மாதிரி மடிகிறது. தினமும் இந்த அதிசயத்தைப் பார்க்கிற மனிதனுக்கு, எண்ணெய்க்கு மசியாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டென்று எப்படித் தோன்றும்?

பக்தவச்சலம் மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. தோலுக்கு எண்ணெய் காட்டும் பிரிவில் அவர்தான் பெரிய கை. வீட்டிலே அவர் மனைவி அம்சவேணிக்கும் அவர் தங்கைக்கும் சண்டை வந்தால், என்ன சண்டை, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். "போனா போவுது விடுங்க, நீயும் நல்லவ, அவளும் நல்லவ" என்று இரண்டு பக்கமும் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு வெளியே போய்விடுவார். இரண்டு பேரும் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

இவருக்கு அருமையான தோஸ்த், தோல் வியாபாரி வாஹித் பாஷா. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் அவர் பழைய சீமைக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதன் கூரையில் ஒரு பகுதியைப் பின்னால் தள்ளினால் வானம் தெரியும். முன்னால் இழுத்தால் மூடிக்கொள்ளும். அந்தத் தள்ளுக்கூரைக்காகத்தான் அவர் அந்தக் காரையே வாங்கினார். மகள் ஜஹீதாவுக்குப் பெங்களூரில் சம்பந்தம் முடிவானபோது, மாப்பிள்ளையின் தாயார் சகீனா, "எங்க பெரிய கார் வருதே, பொண்ணு அதுலயே வரட்டுமே" என்று சொன்னாள். வாஹித் பாஷாவுக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணு என் காருலதான் புகுந்த வீட்டுக்குப் போவா" என்று சபையிலே சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காரை எடுத்துப் பார்த்தால், கூரை மூடவில்லை. கை நுழையும் அளவுக்குச் சந்து விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஐப்பசி மாதம். மறுநாள் நிக்காஹ்.

காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கார் நிற்கும். கூரை ஓடுகிற இரண்டு பள்ளங்களிலும் பட்டைத்தூள் அடைந்து, மழைத்தண்ணீர் பட்டு இறுகிக் கிடந்தது. வாஹித் பாஷா விரலால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

"இன்னா பாய், பேஜாரா நிக்கிறீங்க? நகருங்க."

பாயின் மனைவி முனவ்வர் பேகம் வாசற்படியிலிருந்தே சொன்னாள்: "அந்தச் சந்துல தூளு ஜாஸ்தி இருக்குது மேஸ்திரி. மொதல்ல ஒரு குச்சியில துணி சுத்தி நல்லா தொடச்சிட்டு, அப்புறம் லேசா எதனா போடுங்களேன்."

மேஸ்திரி சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு தெரியுமா? டாக்டரிடம் நோயாளி மருந்துப் பெயரைச் சொன்னால் அவர் சிரிப்பாரே, அது.

"இது ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு டப்பா வந்தது. புங்க எண்ணெயில் மீன் எண்ணெயைக் கலந்து, அதில் ஆட்டுக்கொழுப்பை உருக்கிச் சேர்த்த, தோலுக்கென்றே பிறந்த எண்ணெய். பள்ளம் நிறைய ஊற்றினார். ஊறவிட்டார். ஒரு தள்ளு தள்ளினார். கூரை வழுக்கிக்கொண்டு போய் மூடியது! வாஹித் பாஷா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அத்தோடு மேஸ்திரி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

காரியம் ஜெயித்தபின் இந்த வர்க்கத்தாரால் சும்மா இருக்க முடியாது. காலையில் கல்யாணத்துக்கு வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் காரிடம் கூட்டிப் போனார். "பாருங்க, வெண்ணெ மாதிரி!" என்று திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், இன்னொருவர் வந்தார், மறுபடி திறந்தார். ராத்திரி முழுவதும் தூளில் ஊறிய எண்ணெய் பிசினாகிக்கொண்டிருந்ததை அவர் கை உணரவில்லை. பேச்சில் இருந்த கைக்கு எப்படி உணரும்? மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது கடைசி முறையாக முழுக்கத் திறந்து காட்டினார். திறந்தது. அவ்வளவுதான். அப்புறம் மேஸ்திரி தொங்கியும் மூடவில்லை, டிரைவரும் மேஸ்திரியும் சேர்ந்து தொங்கியும் மூடவில்லை.

சகீனா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன நாத்தம் இது?" என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாற்றமா? ஆம்பூர்க்காரன் மூக்குக்கு அது காற்று. ஆனால் தெருப் பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. காரின் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, பள்ளத்தை நக்கிக்கொண்டிருந்தன.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்ணை அழைத்துவந்து காரில் உட்காரவைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. யாரோ கூரை வழியாகக் குடையை விரித்துப் பார்த்தார்கள். குடைத்துணியில் வழிந்த தண்ணீர் எண்ணெய்ப் பள்ளத்தில் புரண்டு நேரே ஜஹீதாவின் சிவப்புத் துப்பட்டாவில் விழுந்தது, மீன் வாசனையோடு. டிரைவருக்கே தும்மல் வந்தது. "பெங்களூர் வரைக்கும் இப்படியா?" என்று சகீனா கேட்டாள். அவள் கேட்டதில் தப்பும் இல்லை.

ஜஹீதா இறங்கினாள். பெரிய காரில் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அப்பா, நான் நம்ம காருல ஏறி உக்காந்தேன் இல்ல, அது போதும்பா" என்றாள். வாஹித் பாஷா அந்தக் கையை விடாமல் காரோடு கொஞ்ச தூரம் நனைந்துகொண்டே நடந்தார். பிறகு விட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மேஸ்திரியை ஓர் அறை விடலாம் போலிருந்தது. நிஜமாகச் சொல்கிறேன்.

திரும்பி வந்த பாயின் தோளில் மேஸ்திரி ஆதரவாகக் கை போட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"விடுங்க பாய், மனசுல வெச்சுக்காதீங்க. நேத்து எண்ணெ கொஞ்சம் கம்மியா ஊத்திட்டேன்" என்றார்.

வாஹித் பாஷா நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். நல்ல மனிதர், இன்றைக்கும் சிநேகம் விடவில்லை. ஆனால் அன்று முதல் அவர் வீட்டில் எதுவுமே கெட்டுப்போவதில்லை, அதாவது மேஸ்திரி இருக்கும்போது. போன வாரம் பீரோ கதவு சிக்கி, பாயும் முனவ்வர் பேகமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் சட்டென்று கதவை விட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பீரோவில் சாய்ந்து நின்றார்கள்.

"ஏதோ இழுத்துக்கினு இருந்தீங்களே?"

"இல்லியே மேஸ்திரி. எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

மேஸ்திரிக்கு மகிழ்ச்சி. தன் ராசியான கை பட்ட வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு மேஸ்திரிகள் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லாம் எப்படி? பூட்டு, குழாய், ஜன்னல்? மருமகளும் மாமியாரும்? எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்களா? கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வெளியே போன பிறகு தச்சன் ஒருவன் பின்கட்டு வழியாக வந்து போவதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். எதற்கும் ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.