தானாகத் திறந்த பக்கம்

என் வீட்டுக்காரர் எட்வின் கனகராஜ் பரிசுத்தவானாவது என்று முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக அவருடைய ஞாயிற்றுக்கிழமை முடிவெல்லாம் எலும்பா ஈரலா என்பதோடு நின்றுவிடும். அன்று சபைக்கு வந்த பிரசங்கியார், "பெரிய தீர்மானம் வேண்டாம், சின்னப் பழக்கம் போதும். காலைக் காபிக்கு முன்னால் ஒரு வசனம். பொழுது சாய்வதற்குள் அதற்குக் கீழ்ப்படிதல்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் உடனே எழுந்து சாட்சியே சொல்லிவிட்டார். கண்ணை மூடி வேதத்தைத் திறப்பாராம். விரல் படுகிற வசனத்துக்கு எங்கள் வீடு கீழ்ப்படியுமாம்.

எங்கள் வீடு என்றால் யார் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

கண்ணை மூடினார். திறந்தார். விரல் வைத்தார். மனைவிமார் புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமாம். செவ்வாயும் அதே வசனம். புதனும் அதே. அவ்வளவு தடிப் புத்தகத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்ப ஆண்டவருக்கு வேறு பக்கமே கிடைக்கவில்லை.

இது சும்மா வந்த பக்தி இல்லை. புளியங்குடியில் இவர் தம்பி மகள் ஷெர்லினுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பிளஸ் டூ எங்கள் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை. தினமும் தலை பின்னிவிட்டவள் நான். "நீங்க வராட்டா நான் தலைவிரிகோலமா மணவறையில உக்காருவேன் பெரியம்மா" என்று போனில் அழுகிறாள். இவருக்கோ போன வருஷத்துக் கோபம். தம்பி மகன் கல்யாணத்தில் இவரை முதல் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் பந்தியில் போய் உட்கார்ந்தால், பிரியாணியில் கறி தீர்ந்து கத்தரிக்காய் வந்தது. அன்றோடு தம்பி உறவு கட்.

"நானும் போமாட்டேன். நீயும் போவக்கூடாது. வசனம் என்ன சொல்லுது?"

"காபி குடிங்கன்னு சொல்லுது."

"ஏட்டி, கீழ்ப்படி."

மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு கதீஜம்மாள் கேட்டாள்: "உங்க வேதத்துல பொம்பளைக்கு மட்டுந்தான் எழுதியிருக்கா மைனி? அண்ணன் தினமும் அதையே வாசிக்காவ. எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. எங்க வீட்டு ஆளு வேற, 'நல்லாச் சொல்லுதாவளே'ன்னு சுவத்துல காதை வச்சுட்டு நிக்காவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் உரக்கடைக்குப் போனதும் வேதத்தை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்துக் கையை விட்டேன். தானாகத் திறந்தது. அதே பக்கம். நடுமடிப்பில் மூக்குக்கண்ணாடிக் கூடு அமுங்கின தடம். கூட்டை உள்ளே வைத்து, மேலே இவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பாரத்துக்கு ஈடு அம்மிக்குழவி ஒன்றுதான்.

அதையே எடுத்தேன்.

கான்வென்ட்டில் படித்தவளுக்கு, வேதத்தில் ஆம்பிளைக்கு அடி விழுகிற இடம் எதுவென்று தெரியாதா? மலைப்பிரசங்கம். அந்தப் பக்கத்தில் எங்கே விரல் வைத்தாலும் தப்பிக்க முடியாது. பழைய மடிப்பை லேசாக இஸ்திரி போட்டு அடக்கினேன். குழவியைக் கழுவி, துண்டில் சுற்றி, புதுப் பக்கத்தில் படுக்கவைத்தேன். சாயங்காலம் வரை அது தியானம் பண்ணியது. எங்கள் சிஸ்டர் மட்டும் பார்த்திருந்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார்.

மறுநாள் காலை. கண்ணை மூடினார். திறந்தார். விரல் வைத்தார். வாசிக்க வாய் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

"சத்தமா வாசிங்க. கதீஜம்மா காத்துக்கிட்டிருக்கா."

சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்று முனகினார்.

"இது சபைச் சகோதரனைச் சொல்லுது."

"சபையில யாருகூட மனத்தாங்கல்?"

"எல்லாரும் நல்லவங்கதான்."

"அப்போ புளியங்குடி பஸ் எத்தனை மணிக்கு?"

"கை வழுக்கிட்டு. இன்னொருக்கா திறக்கேன்."

திறந்தார். அதே பக்கம். விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சத்துருவை நேசிக்க வேண்டுமாம்.

"தம்பி உங்களுக்குச் சகோதரனா, சத்துருவா? ரெண்டுல எதுன்னாலும் புளியங்குடிக்குத்தான் போவணும்."

மூன்றாவதாக விரல் விழுந்த இடத்தில், அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லியிருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டு சட்டையை மாட்டினார்.

புளியங்குடியில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். கல்யாணத்தன்று ஷெர்லினுக்குத் தலை பின்னிப் பூ வைத்தது நான்தான். இவருக்கு முதல் பந்தி, நடு நாற்காலி, இரண்டு நல்லி எலும்பு. ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடியும் சாட்சி: ஆண்டவர் அந்தப் பக்கத்தைத் தம் கையாலேயே திறந்து காட்டினாராம். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னேன்.

திங்கட்கிழமை காலை வேதத்தைத் திறந்தவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"ஏட்டி, இந்தப் பக்கத்துல இஞ்சி பூண்டு வாசம் அடிக்கு."

"அப்படியா? பழைய பக்கத்துல கண்ணாடிக்கூடு தடம் ஒண்ணு இருக்கே, பாத்தீங்களா?"

அவர் அவசரமாக ஒரு பக்கம் புரட்டினார்.

"ரெண்டையும் சேத்து வாற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லிருவோமா?"

மெதுவாக வேதத்தை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"காபி ஆறிட்டு. சுட வச்சுத் தாயேன்."

சுட வைத்துக் கொடுத்தேன். கீழ்ப்படியச் சொல்லி எழுதியிருக்கிறதே.