அந்த எருமை நான் அல்ல

சுரபாயாவில் வாழும் மரியாதைக்குரிய அண்ணன் விர்யோனோ அவர்களுக்கு, யோக்யகர்த்தாவிலிருந்து தம்பி கஸ்தாரி பணிவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய இறால் அப்பளம் வந்து சேர்ந்தது. பாதி உடைந்திருந்தாலும் ருசி உடையவில்லை. இங்கே எல்லோரும் சுகம். மானம் ஒன்றுதான் போய்விட்டது.

நம் பெண் வெனிங் ஓர் ஓவியனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள் அல்லவா, ஜாலு என்று பெயர். பெண் கேட்க வந்த அன்று, "என்னப்பா வரையற?" என்று கேட்டேன். "மனுஷங்களத்தான் மாமா" என்றான். சாதுவாகத்தான் தெரிந்தான். நானும் அரைச் சம்மதம் சொல்லிவிட்டேன். போன சனிக்கிழமை ஊருக்குத் தெற்கே ஒரு பழைய சர்க்கரைக் கிடங்கில் அவனுடைய ஓவியக் கண்காட்சி. வருங்கால மாமனார் என்ற முறையில் நல்ல பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். முதல் படத்தில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, எல்லோருக்கும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கைபேசி. சிரித்தேன். அடுத்ததில் எரிமலை உச்சிவரை மோட்டார் சைக்கிள் நெரிசல், எரிமலை வாயில் ஒருவன் சோயா தெம்பே வறுத்து விற்கிறான். அதற்கும் சிரித்தேன். அடுத்தவனைப் பார்த்து நம்மை நன்றாகச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் அண்ணா, மூன்றாவது படத்தில் ஆளைப் பிடிக்கிறான்.

சுவர் அளவு படம். ஊரெல்லாம் வெள்ளம். ஒரு வீட்டுக் கூரைமேல் மேடை, வீட்டைவிடப் பெரிய பதாகை. மேடையில் இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு கொழுத்த எருமை. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒரு கிழவிக்கு ஒரே ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறது. நீட்டுகிறதே தவிர விடவில்லை, கண் கேமராவின் மேல் இருக்கிறது. எருமையின் மூக்குக்கு இடப்பக்கம் ஒரு மச்சம். என் மச்சம் உங்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் முர்த்தினி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். கட்டிய மனைவி. "என்னங்க, சட்டைகூட உங்களுதுதான். நான்தானே இஸ்திரி போட்டேன்" என்கிறாள்.

ஜாலுவைக் கூப்பிட்டேன். "இது யாருப்பா?"

"எருமைங்க மாமா."

"அது தெரியுது. எந்த எருமை?"

"அது பாக்கறவங்களப் பொறுத்தது மாமா."

போன மழைக்காலத்தில் வட்டத் தலைவராக நான் என் கையாலேயே நிவாரணம் கொடுத்தவன் என்று எடுத்துச் சொன்னேன். உடனே முர்த்தினி, "குடுத்தீங்க. அந்தம்மா இழுக்க இழுக்க விடாமதான் குடுத்தீங்க" என்கிறாள். போட்டோகாரன் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வட்டத் தலைவர் ஹர்ஜானோ வந்தார். படத்தைப் பார்த்தார், முகம் கறுத்தது. "கஸ்தாரி, இந்தப் பய என்னைய வரஞ்சு வச்சிருக்கான்யா" என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. "ஆமாய்யா, அச்சு அசல் நீதான். வயித்தப் பாரு" என்றேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "வயிறு என்னுதுன்னா மச்சம் யாருதுய்யா?" என்றார். மச்சம் இல்லை, பெயிண்ட் சிந்தியிருக்கிறது என்றேன். வாய்ச்சண்டை வளர்ந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் எங்களைச் சுற்றிக் கூட்டம். இதுவும் கண்காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் பிடித்துக் கைதட்டுகிறார்கள் அண்ணா.

வீட்டுக்கு வந்ததும் வெனிங்கிடம் கல்யாணம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அவர் உங்கள வெறுத்து வரையலப்பா. வெறுத்திருந்தா மச்சத்த இவ்ளோ கவனமா பாத்திருக்க மாட்டார்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எதிரில் காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்தால் எனக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். கிடைக்கிற ரயிலைப் பிடித்து வந்து, உங்கள் கனத்த குரலில் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அண்ணிக்கு மாடிப்படி ஏறும் முழங்காலும், பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும் அருளட்டும்.

இப்படிக்கு,
அவமானப்பட்ட தம்பி
கஸ்தாரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் செய்தித்தாள் வந்துவிட்டது. ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒரு பெரிய அம்மாள், இது நம் காலத்தின் முகம் என்று சொல்லி அந்தப் படத்தை அருங்காட்சியகத்துக்கு வாங்கிவிட்டாராம். படத்துக்குப் பக்கத்தில் ஹர்ஜானோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், அந்த எருமை தானேதான் என்று பேட்டி வேறு. அயோக்கியன், அவனுக்கு மச்சமே கிடையாது. நேராக ஜாலுவிடம் ஓடி, உண்மையை ஊருக்குச் சொல்லச் சொன்னேன். "வெளியாளப் பத்தி நான் சொல்றதில்ல மாமா. குடும்பத்து ஆள்னா அது வேற" என்றான். வரும் மாதமே கல்யாணம். கனத்த குரல் வேண்டாம், புதுச் சட்டையோடு வாருங்கள். இன்னொன்று, அடுத்ததாகக் கல்யாண ஊர்வலத்தை வரையப்போகிறானாம், உங்கள் போட்டோ கேட்கிறான். காது இரண்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி வேண்டுமாம்.