ஒல்லி என்றது வீட்டைத்தான்

பேரன்பும் பெருங்குறும்பும் கொண்ட மருமகளுக்கு, உன் வீட்டு ஃபிரிட்ஜைத் துடைத்து வைக்கும் உரிமை படைத்த மாமா எழுதுவது. இங்கு நான் நலமில்லை. அங்கு உன் அத்தை நலமாக இருக்கிறாள் என்பதுதான் என் கவலை.

எங்கள் பம்பு கம்பெனியில் புது முறை புகுத்துகிறோம் என்று உட்காரவைத்துச் சரித்திரம் சொன்னார்கள். ஆதியில் ஆள் சாமானைத் தேடி ஓடினானாம். பிறகு ஓடும் பெல்ட் வந்து சாமான் ஆளைத் தேடி ஓடியதாம். ஓடிய ஓட்டத்தில் கேட்பாரில்லாத சரக்கு மலைமலையாய்க் குவிந்ததாம். கடைசியில் காசும் இடமும் இல்லாத ஒரு கார் கம்பெனிக்காரர்கள், வேண்டியதை வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் செய்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தார்களாம். அதைப் போய்ப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள் அந்த முறைக்கு ‘லீன்’, அதாவது ‘ஒல்லி’ என்று பெயர் வைத்தார்களாம். வைத்தவர்கள் கல்யாணமாகாதவர்களாய் இருக்க வேண்டும்.

நான் அன்றே சக்கரவர்த்தி போல் வீட்டுக்குள் நுழைந்து, சமையலறை அலமாரியை மேலும் கீழும் பார்த்து, “இனிமே இங்க எல்லாம் ஒல்லியாகணும்” என்றேன். அலமாரிக்கு முன்னால் உன் அத்தை நின்றது என் தலையெழுத்து.

“எதைச் சொல்றீங்க?” என்றாள் நிதானமாக.

“பாதி இடத்தை அடைச்சிட்டு நிக்குதே, தெரியலயா? வருஷக்கணக்கா சேர்ந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிடலாம்.”

“எதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா? மொத்தமாவே குறைஞ்சிக்கிறேன்” என்று பையை எடுத்தவள்தான், உன் வீட்டில் வந்து இறங்கிவிட்டாள்.

இப்போது வீடு ஒல்லியில்லை, எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறது. கைப்பழக்கத்தில் ரெண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன், ஒன்று ஆறிப்போகிறது. குறட்டைக்கு விலாவில் இடிக்க ஆளில்லாமல் தூக்கம் அறுந்து அறுந்து வருகிறது. ஆகவே இதைப் படித்த கையோடு அவளை பஸ் ஏற்றி அனுப்பு. ஜன்னலோரமாய் உட்காரவை. ஒல்லி என்றது வீட்டைத்தான் என்று நீயே பக்குவமாய் எடுத்துச் சொல். நான் சொன்னால் இன்னும் கெடும்.

உனக்கு ஆசிகள், உன் புருஷனுக்கு அனுதாபங்கள், குட்டிக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
ஆளில்லாத அரண்மனையை ஆளும் மாமா

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. யாரையும் ஏற்றி அனுப்பாதே. சரித்திரத்தின் நடுவில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விட்டதை என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டரிடம் இப்போதுதான் கேட்டேன். “சாமானைச் செஞ்சவங்க அதை நம்ம பக்கம் தள்ளிவிட மாட்டாங்கய்யா. யாருக்கு வேணுமோ அவந்தான் நடந்து போய் எடுத்துட்டு வரணும். அதான் அந்த முறைக்கே உயிர்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். அவளை நேரில் பார்த்தால் எனக்குப் பேச வாய் வராது. கதவை அவள் திறந்தால், மேலே ‘மருமகளுக்கு’ என்று எழுதியதை அடித்துவிட்டு அவளிடமே நீட்டிவிடுவேன்.