சம்பந்தி அம்மாவைத் தோளில் தூக்கிய விவகாரம்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை காலை, 2008.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சம்பந்தி சின்னதுரை அவர்களுக்கு, சாலமோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே என் இடது தோள்பட்டையைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் சுகம். மீஞ்சூரில் தங்கள் சுகத்தையும், முக்கியமாகத் தங்கள் வீட்டம்மா ஞானம்மா அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

தாங்கள் நேற்று சாயந்திரம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. தங்கள் மகன் ராபினுக்கும் என் மகள் ஷைனிக்கும் ஆலயத்தில், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்டு, இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக்கு மூன்றாவது ஓலை. அதை வாசிக்க வேண்டாம் என்று பாஸ்டர் ஐயாவிடம் சொல்லப்போகிறீர்களாம். "பொம்பளையத் தோள்ல போட்டுகினு ஓடுற ஆளு ஊட்ல நமக்கு சம்பந்தம் வாணாம்" என்றீர்களாம். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நீங்களாகவும் எனக்குப் போடுவதில்லை. எங்கள் ஆலைச் சுத்தியல் பட்டறை இரைச்சலில் காது மந்தமான நான் தங்கள் அழைப்பை மட்டும் தவறவிடக் கூடாது என்று, ஷைனி என் சைனா போனில் தனியாக ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். நாலு ஸ்பீக்கர் உள்ள போன். அந்த ஏற்பாடு என்னவென்று கேட்கும் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகள் ரெண்டு வார்த்தை பேசிப் பழகட்டும் என்றது நீங்கள். சினிமாவுக்குப் போகட்டும் என்றது நான், ஏனென்றால் அங்கேதான் பேச முடியாது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆலைக்கு வார விடுமுறை. மதிய ஆட்டத்துக்குப் போனால் தியேட்டரில் முக்கால்வாசி சிப்காட் ஆட்கள், அதில் பாதி எங்கள் ஆலை ஆட்கள். இயந்திரத்துக்கும் மனுசனுக்கும் நடுவே தடுப்பு வைப்பதுதானே ஒரு சேஃப்டி சூப்பர்வைசரின் பிழைப்பு, அதனால் உட்காருவதிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தேன். நடைபாதை ஓரம் ஞானம்மா அம்மா, அடுத்து ராபின், அடுத்து நான், அடுத்து ஷைனி, கடைசியில் என் வீட்டுக்காரி. படம் ஆரம்பிக்கும் முன்னால் எழுந்து நின்று, அவசர வழி எந்தப் பக்கம் என்று கை காட்டி, எல்லாரும் செல்போனை அணைத்து வையுங்கள் என்று அறிவிக்கவும் செய்தேன். பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அது பாராட்டு.

இனி படத்தைப் பற்றி. தமிழில் பேச விட்ட இங்கிலீஷ் படம், ராபின் தம்பி தேர்ந்தெடுத்தது. காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் ஒரு அணைக்கட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள், அதில் ஒருவன் கையில் வீடியோ கேமரா. அவன் எடுத்ததுதான் மொத்தப் படமும் என்கிறார்கள். அணைக்குள்ளிருந்து ஏதோ ஒரு பூதம் கிளம்பித் துரத்துகிறது. பூதத்தை ஒழுங்காகக் காட்டவும் இல்லை, ஒரு நேரம் கால் தெரிகிறது, ஒரு நேரம் வால் தெரிகிறது, மிச்ச நேரமெல்லாம் அந்தப் பையனின் செருப்பும் தரையும்தான். படம் ஆடுகிற ஆட்டத்தில் ஆபரேட்டர் குடித்திருக்கிறான் என்று நினைத்து மேலே போய் விசாரித்தேன். "இன்னா சார், படமே அப்டித்தான்" என்றான் அவன். கல்யாண வீடியோ எடுக்கிறவன் இப்படி ஆட்டினால் பெண் வீட்டார் காசு கொடுப்பார்களா சம்பந்தி? அதுகூடப் பரவாயில்லை. பூதம் துரத்துகிறது, ஒரு பயலும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கவில்லை. தலையில் ஹெல்மெட் இல்லை. ஓடும்போது ரெண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், அவன் கேமராவைக் கீழே போடவே மாட்டேன் என்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

ராபின் தம்பிக்கு வயிறு கலங்கிவிட்டது. எண்ணூர்க் கடலில் தினமும் படகில் போய் வருகிற பிள்ளை, அலையில் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். இந்தக் கேமரா ஆட்டத்தைத் தாங்காமல் பாப்கார்ன் கவருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் சைரன் அடித்தது.

சம்பந்தி, அது சாதாரண சைரன் இல்லை. அச்சு அசல் எங்கள் ஆலை சைரன். தியேட்டர்காரன் புதிதாக சவுண்டு சிஸ்டம் போட்டிருக்கிறான் போல, சத்தம் என் நெஞ்சிலேயே வந்து அதிர்ந்தது. சைரன் கேட்டதும் யோசிக்கக் கூடாது, எழுந்து வெளியேற வேண்டும் என்று முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எழுந்துவிட்டேன். நான் மட்டுமா, ஆலை ஆட்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். ராபினைத் தாண்டிப் போனால் வழியில் ஞானம்மா அம்மா. அசையவில்லை, கண் மூடியிருக்கிறது. ஜெபத்தில் இருந்ததாக இப்போது சொல்கிறார்களாம், இருக்கலாம், குறட்டை விட்டு ஜெபிப்பவர்களும் உண்டு. நான் மயக்கம் என்று நினைத்தேன். மயங்கியவரை எப்படித் தூக்குவது என்று வருஷா வருஷம் செய்து காட்டுகிறேனே, அதே முறையில் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாழாய்ப்போன சைரன் கதவு வரைக்கும் என்னைத் துரத்திக்கொண்டே வந்தது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் எல்லாரும் டிபார்ட்மென்ட் வாரியாக வரிசையில் நிற்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பூவராகவன் முன்னால் வந்து, "ஹேமர் ஷாப்பு எல்லாரும் கீறாங்க சார், மெயின்டனன்ஸ்ல ஒருத்தன் மட்டும் டாய்லெட்ல மாட்டிகினான்" என்று ரிப்போர்ட் கொடுத்தான். அப்போதுதான் ஞானம்மா அம்மா என் தோளில் கண் விழித்தார்கள். "யாருய்யா நீ, எறக்கி வுடுய்யா" என்று முதுகில் குத்தினார்கள். இறக்கி விட்டேன். ஒரு செருப்பு இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். தட்டியது தப்புதான், அதற்கு நான் பொறுப்பில்லை.

என் வீட்டுக்காரி கடைசியாக, முறுக்குப் பையோடு நிதானமாக நடந்து வந்தாள். "இருபத்தஞ்சு வருசம் உன்னாண்ட குடித்தனம் பண்ணிகினு கீறேன், என்னைத் தூக்கணும்னு தோணுச்சா உனக்கு" என்று கேட்டாள். அதிலிருந்து எனக்கு நாஷ்டா இல்லை, சோறு இல்லை. உங்கள் வீட்டில் மட்டும்தான் பேஜாரு என்று நினைக்காதீர்கள்.

பிறகு நம் குடும்பத்தில் தலை எண்ணினேன். இரண்டு குறைந்தது. ராபினும் ஷைனியும் இல்லை.

திரும்ப உள்ளே ஓடினேன். அவ்வளவு பெரிய தியேட்டரில் ரெண்டே பேர். என் நாற்காலியில் ஷைனி. ராபின் கவருக்குள் குனிந்திருக்கிறார், அவள் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். திரையில் பூதம் கத்துகிறது, அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைகள், நான் அதட்டியிருக்க வேண்டும். விழுந்தவனை விட்டுவிட்டு ஓடாதே என்று எத்தனை வருஷமாகக் கரடியாய்க் கத்தியிருப்பேன். தியேட்டர் முழுக்க நான் தயார் செய்த ஆட்கள், அத்தனை பேரும் ஓடினோம், நானும் ராபினைத் தாண்டித்தான் ஓடினேன். நின்றது என் மகள் ஒருத்திதான். "மாமா, உக்காருங்க, அந்தப் பூதம் இன்னும் சாவல" என்றார் ராபின், கவருக்குள்ளிருந்து. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதைவிட, உங்கள் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் அவளைக் கொடுக்க எனக்கு மனசில்லை. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆகவே குற்றவாளி நான் இல்லை, படத்தில் அந்த சைரனை வைத்தவன். படத்தில் சைரனே வரவில்லை என்கிறாள் ஷைனி. அவள் கவனம் அப்போது எங்கே இருந்தது என்றுதான் மேலே எழுதியிருக்கிறேனே. சினிமாக் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதம் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தாங்கள் தயவு செய்து நாளைக்கு ஓலையைத் தடுக்காதீர்கள். ஞானம்மா அம்மாவிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன், எட்ட நின்று கேட்கிறேன். அவர்கள் செருப்பு கிடைத்துவிட்டது, கழுவி வைத்திருக்கிறேன். கர்த்தர் தங்கள் குடும்பத்தையும், தங்கள் கோபத்தைக் குறைத்து, ஆசீர்வதிப்பாராக.

தங்கள் உண்மையுள்ள சம்பந்தி (என்று இன்னமும் நம்பும்),
சாலமோன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ராபின் வந்தார். வாந்தி நின்றுவிட்டது, இங்கேதான் கஞ்சி குடிக்கிறார், தேட வேண்டாம். "மாமா, அப்பா நேத்து படம் எப்டி கீதுன்னு கேக்க உங்களுக்கு மூணு வாட்டி போன் போட்டாராம், நீங்க எடுக்கலன்னு அந்தக் கோவம் வேற" என்றார். எனக்கு எந்தப் போனும் வரவில்லை என்றேன். என் சட்டைப் பையில் இருந்த போனை வாங்கித் திறந்து காட்டினார். தங்கள் பெயர்தான், மதிய ஆட்ட நேரம்தான். ஷைனி மெல்ல அடுக்களைப் பக்கம் நழுவினாள். கூப்பிட்டு, அந்த ஏற்பாடு என்னவென்று கேட்டேன். ஒரு பட்டனை அமுக்கினாள். எங்கள் ஆலை சைரன், மாடியில் நின்று பதிவு செய்தாளாம். என் வீட்டுக்காரி கேஸை அணைத்துவிட்டு வெளியே ஓடினாள். எட்டிப் பார்த்தால் இன்றைய நைட் ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பூவராகவன் லுங்கியோடு தெருவில் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நிற்கிறது. ஆகவே படத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சைரன் அடித்தது நீங்கள். இதை ஞானம்மா அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நாளைக்கு ஓலை வாசித்துவிட்டால் எப்போதும் சொல்வதாக இல்லை. கடிதத்தை ராபினிடமே கொடுத்தனுப்புகிறேன். தெருவில் இப்போதுதான் தலை எண்ணி முடித்தேன். நம் குடும்பத்தில் நீங்களும் அம்மாவும்தான் குறைகிறீர்கள். காலையில் ஆலய வாசலுக்கு வந்து சேருங்கள். அம்மா நடந்தே வரலாம்.