செவ்வாய்க்குப் போன பெண்

ராமநாதபுரம் மாவட்டத்தில், பூமியைத் தவிர மற்ற எல்லாக் கிரகங்களிலும் வாசகர்கள் இருந்த ஒரே எழுத்தாளர் ‘செவ்வாய்’ என்ற புனைபெயர்க்காரர்தான். பரமக்குடியில் எங்கள் தெரு மாடியறை ஒன்றில் விஞ்ஞானக் கதைகள் எழுதி, தானே பதிப்பித்து, தானே பை தூக்கி விற்றார். வெளியீட்டு விழாவைச் செவ்வாய்க்கிழமைதான் வைப்பார். நல்ல காரியத்துக்கு ஆகாத கிழமை என்று யாரும் வரமாட்டார்கள். மைக்செட்காரர் மட்டும் கடைசிவரை இருப்பார், மைக் அவருடையது.

அவர் புத்தகங்களில் விற்றது ஒன்றுதான்: ‘செவ்வாய்க்குப் போன பெண்’. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அதை ஜோதிடப் புத்தகங்களோடு தொங்கவிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நானும்தான். என் மகளுக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரம்.

புரட்டிப் பார்த்துவிட்டு மாடியேறினேன்.

“பரிகாரம் எந்தப் பக்கத்துல இருக்கு?”

“புத்தகம் பூராவும் அதான் சார். பொண்ணு செவ்வாய்க்கே போயிருது. அங்கன யாரு ஜாதகம் கேக்கப்போறா?”

“எங்க நெலமை ஒமக்கு நக்கலா இருக்கா?”

“நக்கல் எழுதியிருந்தா நல்லா வித்திருக்குமே சார்.”

புத்தகத்தை வீட்டில் ஒரு மூலையில் எறிந்தேன்.

அடுத்த வரன் வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு போனிலேயே வேண்டாமென்றார்கள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கதவுக்கு வெளியே நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று உள்ளே சிரிப்புச் சத்தம். பதறிக் கதவைத் தள்ளினேன். அவள் கையில் அந்தப் புத்தகம்.

“மாப்பிள்ளை வீட்டாளுக ராக்கெட்ல பொண்ணு பாக்க வாராகப்பா. பஜ்ஜி திங்கையில ஆக்சிஜன் தீந்துபோகுது. இவதான் சிலிண்டர் குடுத்துத் திருப்பி அனுப்புறா. ரெண்டாம் பாகம் இருந்தா வாங்கிட்டு வாங்க.”

எழுத்தாளரைத் தேடிப் போனேன். மாடியறையைக் காலி செய்துவிட்டு, ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

“ரெண்டாம் பாகமா? யாருக்கு சார்?”

“என் மகளுக்கு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அந்தப் பொண்ண பூமிக்குக் கொண்டாந்துரவா, அங்கனயே விட்டுரவா? கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன். “அங்கனயே இருக்கட்டும்ப்பா, நிம்மதியா இருக்கா” என்றாள். பெற்றவனுக்கு அது நல்ல பதிலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் சொன்னேன். எழுத ஆரம்பித்துவிட்டதாகப் போன் செய்தார். முடிக்கவில்லை; மாரடைப்பு.

அஞ்சலி போஸ்டரில் ‘ஜோதிட எழுத்தாளர்’ என்று அடித்திருந்தார்கள். மாதக்கணக்கில் வாசல் தாண்டாத என் மகள் என்னோடு அஞ்சலிக்கு வந்தாள். பேனாவை எடுத்து ‘ஜோதிட’ என்பதை அடித்துவிட்டு, ‘விஞ்ஞான’ என்று எழுதினாள்.

அன்றும் செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லை. அவருடைய நிகழ்ச்சி ஒன்றுக்கு நாங்கள் போனது அதுதான் முதல் தடவை, கடைசிவரை இருந்தோம்.