ஐஸ் பட்லரின் கட்டில்செருப்பு

வெயிலைத் தனக்கு இழைக்கப்பட்ட சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரைக் கொண்டுவந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறக்க வைத்தது படைத்தவனின் குறும்பு. சித்திரை மாதத்து நடுப்பகலில் வாசலுக்கு வந்து நிற்பார். சூரியனை அண்ணாந்து பார்ப்பார். "ஏலே, ஒன்னைய மதிக்காத ஊர்ல நாலு வருசம் இருந்துட்டு வந்தவம்லே நான்" என்று ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் தெருவில் கால் வைப்பார்.

ஐஸ் பட்லர் என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்திருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பாதிரியாருக்கே மறந்துபோயிருக்கும்.

நான் அப்போது கோர்ட்டில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுப் பின்னறையில் வாசம், சாப்பாடும் அங்கேயே. பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிலம் அளக்கும் துரை ஒருவருக்குச் சமையல்காரராக, மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு, காஷ்மீரத்துக்கும் அப்பால் போனவர் பட்லர். நாலு வருஷம் கழித்துத்தான் திரும்பினார். கொண்டுவந்தவை மூன்று: ஒரு கம்பளிக் குல்லாய், ஓயாத பேச்சு, மான் தோல்வாரால் பின்னிய இரண்டு பெரிய மரவளையங்கள்.

"இதக் காலுல கெட்டிக்கிட்டாத்தான் அங்க நடக்க முடியும். இல்லன்னா இடுப்பு வரைக்கும் உள்ள போயிரும்" என்பார்.

"எதுக்குள்ள?"

"சினோவுக்குள்ள."

துரைமார் ஸ்னோ என்கிற அந்த உறைபனி எப்படியிருக்கும் என்று பால்கோவாக் கடைக்காரர் ஒருநாள் கேட்டுவைத்தார். "ஒம்ம பால்கோவாவ உதுத்து, வெள்ளையாக்கி, மலை பூராத் தூவுனா எப்பிடி இருக்கும்? அதான்."

கடைக்காரர் வெகுநேரம் யோசித்தார். "அம்புட்டும் சும்மாவா கெடக்கு? அள்ளிட்டுப் போறதுக்கு ஒரு ஆளுகூடவா இல்ல?"

எங்கள் ஊர் கோர்ட் உள்ள ஊர். முடிவெட்டுகிறவர்கூடக் குறுக்கு விசாரணை செய்வார். "சாட்சி உண்டா? துரை எங்க? ஏன் ஒரு கடுதாசி வரல?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். துரை சீமைக்குப் போய்விட்டார். கணவாய் மூடிவிட்டால் தபால்காரன் வர வழியில்லை என்று பட்லர் சொன்ன பதிலை ஊர் தள்ளுபடி செய்தது. அவர் நாலு வருஷமும் கொழும்பில் இன்னொரு குடும்பம் நடத்தினார் என்று தீர்ப்பாகிவிட்டது.

மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்த வளையங்கள். அதற்கும் கேடு அவராலேயே வந்தது. ராஜபாளையத்துக்குப் போனவர், சந்தனமும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் தும்பைப் பூவாக ஒரு நாய்க்குட்டியைக் கண்டு மயங்கி நின்றுவிட்டார். "இந்தச் சீமையில சினோ நெறத்துல ஒரு உசுரு இருக்குன்னா இதுதாம்லே" என்று தூக்கி வந்தார். அது வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு வளையங்களிலும் இருந்த மான் தோலை, ஒரு முடிச்சு மிச்சமில்லாமல் தின்று தீர்த்தது. எஞ்சிய வெறும் வளையங்களில் அவர் மனைவி ஞானம் துணி கட்டி வடகம் காயப்போட்டார்.

ஞானம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்லர் திரும்பி வந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அவருக்குப் பொங்கிப் போட்டார், துவைத்துப் போட்டார்; ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"தம்பி, அவியளுக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க."

"ரசம் வேணுமான்னு கேக்காவ."

"கொஞ்சமா ஊத்தச் சொல்லுடே."

"கொஞ்சமா ஊத்தச் சொல்லுதாரு."

"எனக்கும் காது இருக்கு தம்பி."

மூன்று பேரும் ஒரு முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்போம். நான் கோர்ட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அக்கா நாயிடம் சொல்வார். அது கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அதனாலேயே என் மதிப்பு அந்த வீட்டில் கொஞ்சம் கூடுதல்.

பட்லரிடம் அக்காவுக்குப் பொறுக்க முடியாத இன்னொரு விஷயம் அவர் நடை. இரண்டு காலையும் அகட்டி, ஒவ்வொரு பாதத்தையும் உயரத் தூக்கி, பூவை வைப்பதுபோல் மெத்தென்று வைப்பார். நடுவில் ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் போய் வரலாம். வேதக்கோவிலின் நடுப்பாதையில் அவர் வந்தால் இரண்டு பக்கத்துப் பெண்களும் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொள்வார்கள். அடுக்களையில் வாரம் ஒரு குடம் உருளும். குடலிறக்கம் என்றார் வைத்தியர். "தொரைகூடச் சுத்துன திமிரு" என்றார் ஞானம் அக்கா.

மார்கழியில் பாளையங்கோட்டையிலிருந்து அக்காவின் அண்ணன் கடிதம் எழுதினார். புதுவருஷ ஆராதனை முடிந்த மறுநாள் வண்டியோடு வருவதாகவும், தங்கையை ஒரேயடியாக அழைத்துப் போவதாகவும். அக்கா டிரங்குப் பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்தார்.

அன்று பட்லர் சூரியனை அதட்டாமலே தெருவில் இறங்கிப் போனார். சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரே ஒரு அரை நாள் கேளு. செண்பகத்தோப்புக்கு மேல, மலை முதுகு வரைக்கும். சினோவுல எப்பிடி நடந்தேன்னு காட்டுதேன். பொறவு அவ இஷ்டம்."

நான் திரும்பினேன். அக்கா பக்கத்தில்தான் நின்றார். "அரை நாளுதான்னு சொல்லுங்க. வந்து பெட்டி அடுக்கணும்."

வளையங்களில் கட்டியிருந்த வடகத்துணியைப் பிரித்துவிட்டு, வெறும் வளையங்களோடு கட்டில் பின்னுகிறவரிடம் ஓடினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பிள்ளைக்குக் கட்டிலு?"

"எங் காலுக்குய்யா."

"காலு படுக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, தொழில் தெரிந்தவருக்கே உரிய கவலையோடு, "சரி, தலைமாடு எது, கால்மாடு எது?" என்றார். அவர் கை கட்டிலைத் தவிர வேறொன்றைப் பின்னி அறியாது. தேங்காய்நார்க் கயிற்றால் நெருக்கமாகப் பின்னி, தொய்ந்தால் இழுத்துக் கட்டுவதற்கு வசதியாகக் கால்மாட்டில் சுருக்குமுடிச்சும் விட்டுக் கொடுத்தார். நாய் வந்து முகர்ந்து பார்த்தது. தேங்காய்நார் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விடியுமுன் வண்டி. அடிவாரத்தில் இறங்கி, விறகு சுமப்பவர்களின் தடத்தில் ஏறினோம். முன்னால் நாய், அடுத்து, முதுகில் இரண்டு கட்டில்களும் தலையில் கம்பளிக் குல்லாயுமாகப் பட்லர், பின்னால் தூக்குச்சட்டியோடு அக்கா, கடைசியில் நான். ஏற ஏற ஊர் கீழே கரைந்துகொண்டே போனது. கோபுரம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது; பிறகு அதுவும் வெள்ளைக்குள் போயிற்று.

மலை முதுகில் ஏறி நின்றபோது உலகத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாயும்தான். இரண்டு பக்கமும் மூடுபனிக் கடல். கரையில்லை, அலையில்லை. எங்கோ அடியில் கோர்ட்டும், வழக்கும், என் மைக்கூடும் மூழ்கிக் கிடந்தன. மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. முதுகின் நடுவே நீண்ட பள்ளம். எத்தனையோ வருஷத்துச் சருகை இரண்டு பக்கத்துக் காற்றும் கொண்டுவந்து அதில் கொட்டி வைத்திருந்தன. நான் ஒரு கால் வைத்தேன். தொடை வரைக்கும் உள்ளே போயிற்று. இழுத்தெடுத்தபோது ஐந்து அட்டைகள் என்னோடு வந்தன.

பட்லர் உட்கார்ந்து வளையங்களைக் காலில் கட்டினார். எழுந்தார். சருகின் மேல் கால் வைத்தார்.

மூழ்கவில்லை.

அகட்டி, உயரத் தூக்கி, மெத்தென்று. மறுபடி அகட்டி, தூக்கி, மெத்தென்று. சர்... சர்... என்று ஒரு சத்தம். யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. ஊரில் குடம் உருட்டிய கால்களா இவை? தெருவில் சிரிப்பு மூட்டிய அந்த நடை இங்கே, இந்த வெள்ளைக்கு நடுவில், கொக்கு வயலில் இறங்கியது போல் அத்தனை பொருத்தமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேசாமல் போனார். மூடுபனி முதலில் அவர் கால்களை எடுத்துக்கொண்டது, பிறகு இடுப்பை. கம்பளிக் குல்லாய் மட்டும் மிதந்துகொண்டு போயிற்று. நாங்கள் ஓரத்துப் பாறை வழியாகப் பின்தொடர்ந்தோம். எத்தனை நேரம் அப்படிப் போனோம் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த முதுகில் நேரம் நடக்கவில்லை, அவர்தான் நடந்தார்.

"தம்பி" என்றார் அக்கா, மெதுவாக. "இந்த நடைய நான் பாத்திருக்கேன்."

"எங்கக்கா?"

"எங்க அடுக்களையில. ரெண்டு வருசமா. அதே காலு, அதே அகலம். ஒரு காலு மத்த வளையத்த மிதிச்சிரக் கூடாதுன்னுல்லா அகட்டுதாவ... நான் திமிருன்னு நெனச்சேன்."

அடுத்த பாறைக்கு ஏறினார். பிறகு, "ஒரு மனுசன் காலு இப்பிடி ஆகணும்னா எம்புட்டு நாளு நடந்திருக்கணும்! கொழும்புல குடும்பம் நடத்துன காலு இப்பிடி ஆகாதே தம்பி" என்றார்.

அந்த நிமிஷம் பார்த்துத்தான் கால்மாட்டுச் சுருக்குமுடிச்சு அவிழ்ந்தது. குல்லாய் ஒருமுறை ஆடியது. பிறகு குல்லாயும் இல்லை.

"ஏங்க!" என்று ஒரு கூப்பாடு. மலை அதை வாங்கி இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. அக்கா தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டுச் சருகுக்குள் இறங்கி, முழங்காலும் தொடையும் புதைய, சேலையைப் பற்றிக்கொண்டு நீந்தாத குறையாகப் போனார். "ஏங்க! எங்க இருக்கிய? அடிபட்டிருச்சா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்! ஊர்ல இல்லாத பேச்செல்லாம் பேசுவியளே!"

சருகுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. மார்பு வரை புதைந்து, மீசையில் ஒரு சருகு ஒட்டியிருக்க, பட்லர் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவ என்ன சொல்லுதா?"

"என்னையக் கேக்காதீங்க. உங்ககிட்டத்தான் பேசுதாவ."

அவர் மனைவியைப் பார்த்தார். சினோவை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் முகம் எப்படியிருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. கொட்டிய தயிர்ச்சோற்றை நாய் ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் சொன்னபடி வண்டியோடு வந்தார். மூன்று நாள் விருந்து சாப்பிட்டார். ஓலைப்பெட்டி நிறையப் பால்கோவாவும் வெறும் வண்டியுமாகத் திரும்பிப் போனார். ஊர் மட்டும் தீர்ப்பை மாற்றவில்லை. பட்லர் அப்பீல் செய்யவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரும் அக்காவும் சேர்ந்தாற்போல் பேசிய பேச்சில் எனக்கு ரசம் கேட்கக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. வேலை போனவன் மாதிரி கொஞ்ச நாள் இருந்தது.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ தெரு. எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் என் கால் நின்றதில்லை. ஆனால் மார்கழிக் காலையில் நனைந்த சருகு மேல் நடக்க நேர்ந்தால் மட்டும், என்னை அறியாமல் கொஞ்சம் அகட்டித்தான் வைக்கிறேன். பக்கத்தில் பட்லர் நடந்து வந்தால் இடம் வேண்டுமே.